அகில இந்திய வானொலி கேட்க எது சரியான வழி? ரேடியோ பெட்டியா, செல்போனா, டி.டி.எச்.-ஆ?

"அப்பாவின் பழைய ரேடியோ ரிப்பேர். கடையில் கேட்டால், இப்போது யார் சார் ரேடியோ வாங்குகிறார்கள், போனில் ஆப் போட்டுக் கொடுங்கள் என்கிறார்கள். என்ன செய்யட்டும்?" இந்தக் கேள்வி பல உருவங்களில் என்னிடம் வருகிறது. ஒருவருக்குக் காலைச் செய்தி வேண்டும். இன்னொருவருக்குக் கச்சேரி, மற்றொருவருக்கு விவசாய நிகழ்ச்சி. மூவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. மத்திய அலை (ஏ.எம்.), பண்பலை (எஃப்.எம்.), டிஜிட்டல் ரேடியோவான டி.ஆர்.எம்., டிஷ் வழியே வரும் டி.டி.எச்., செயலி என்று இன்று பல வழிகள் இருந்தாலும், எல்லா வழியிலும் எல்லா நிலையமும் வருவதில்லை. புதிதாகப் பெட்டி வாங்கி வந்து, "நான் கேட்கிற ஸ்டேஷனே இதில் வரவில்லையே" என்று தவிப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த நிலையத்தைக் கேட்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். எந்தக் கருவி என்பது பாதிக்கு மேல் அதிலேயே முடிந்துவிடும்.

## எதையெல்லாம் பார்க்க வேண்டும்

முதலாவது, நான் சொன்னதுதான்: உங்களுக்கு வேண்டிய நிலையம் உங்கள் ஊரில் அந்த வழியில் கிடைக்கிறதா? இதற்கு "இல்லை" என்று பதில் வந்தால் மற்றவற்றைப் பார்க்கவே தேவையில்லை.

இரண்டாவது, மின்சாரமும் இணையமும் போன நாளில் அது வேலை செய்யுமா? சென்னையிலோ டெல்டாவிலோ கடலோரத்திலோ இருப்பவர்களுக்கு இதன் எடை அதிகம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகளில் செல்போன்கள் ஊமையாகிப் போயின. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்பி வர வாரக்கணக்கில் ஆனது. செல்போன் கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும்.

மூன்றாவது செலவு. பெட்டியின் விலையை எல்லோரும் பார்க்கிறார்கள். பேட்டரி, டேட்டா, ஆண்டெனா, பழுதானால் சரிசெய்ய ஆள் கிடைப்பது ஆகியவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு காலத்தில் வீட்டில் ரேடியோ வைத்திருந்தாலே தபால் நிலையத்தில் லைசென்ஸ் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. 1980-களில் அது நீங்கிவிட்டது. ஆக, வானொலிக்கென்று இன்று நீங்கள் சந்தா எதுவும் கட்டுவதில்லை. செலவெல்லாம் அதைக் கேட்கும் வழிக்குத்தான்.

நான்காவது ஒலியின் தரம். செய்திக்கு இது பெரிய விஷயமில்லை, இசைக்கு மிகப் பெரிய விஷயம். ஐந்தாவது, கேட்கப்போகிறவர் யார்? எழுபத்தைந்து வயதுக்காரருக்கு ஒரு திருகு போதுமென்றால் தொடுதிரை அவருக்குத் தடைதான். கடைசியாக, நிகழ்ச்சியைத் தவறவிட்டால் பிறகு கேட்க வழி உண்டா?

## வானொலியில் என்னென்ன சேவைகள்

சென்னைக்கு ரேடியோ வந்தது அரசாங்கத்தால் அல்ல. 1924-ல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய சென்னை மாகாண ரேடியோ கிளப் அந்த ஆண்டே ஒலிபரப்பை ஆரம்பித்தது. பணமில்லாமல் 1927-ல் கிளப் மூடப்பட, அதன் கருவிகள் மாநகராட்சியிடம் போயின. 1930 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பை நடத்தியது. அதற்கிடையில் 1927-ல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் நிலையம் தொடங்கிய ஒரு தனியார் கம்பெனியும் மூன்று ஆண்டு தாங்கவில்லை. 1930-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது. 1936 ஜூன் 8 அன்று அகில இந்திய வானொலி என்ற பெயர் வந்தது. சென்னை நிலையம் 1938 ஜூன் 16-லும், திருச்சி நிலையம் 1939 மே 16-லும் திறக்கப்பட்டன. நாடு விடுதலையானபோது இந்தியாவின் பங்குக்கு வந்த நிலையங்கள் ஆறே ஆறு: டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, திருச்சி, லக்னோ. ஆறில் இரண்டு தமிழ் மண்ணில் இருந்தன என்பதில் எனக்கு எப்போதும் பெருமை உண்டு.

இந்த வரலாறு பெட்டி வாங்குவதற்கு எதற்கு என்று தோன்றலாம். ஒவ்வொரு சேவையும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தேவைக்காக, வெவ்வேறு அலையில் பிறந்தது. அதனால்தான் அவை இன்றும் சிதறிக் கிடக்கின்றன.

முதலில் வந்தவை மத்திய அலையில் இயங்கிய மண்டல நிலையங்கள். செய்தி, கச்சேரி, நாடகம், உழவர் நிகழ்ச்சி, சிறுவர் நிகழ்ச்சி எல்லாம் அங்கேதான். 1960-களில் ஏ.டி.டி. 27 நெல் ரகத்தைப் பற்றித் தஞ்சை விவசாயிகள் வானொலியில் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். அந்த நெல்லுக்கே 'ரேடியோ நெல்' என்று பெயர் வந்துவிட்டது. தென்கச்சி கோ. சுவாமிநாதனின் 'இன்று ஒரு தகவல்' வந்ததும் இந்த வரிசையிலிருந்துதான். டெல்லியிலிருந்து சரோஜ் நாராயணசுவாமி வாசித்த தமிழ்ச் செய்தியை ஊர் நிலையங்கள் அஞ்சல் செய்ய, அதாவது அப்படியே வாங்கி ஒலிபரப்ப, தமிழ்நாடே கேட்டது.

அடுத்தது விவித பாரதி. 1950-களின் தொடக்கத்தில் அமைச்சர் பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டை வானொலியில் ஏறக்குறைய ஒதுக்கி வைத்தார். நேயர்கள் கூட்டமாக ரேடியோ சிலோன் பக்கம் போய்விட்டார்கள். அவர்களைத் திரும்ப அழைக்க 1957 அக்டோபர் 3-ல் தொடங்கியதுதான் விவித பாரதி. பிறகு அதில் விளம்பரமும் சேர்ந்தது. 'தேன்கிண்ணம்' கேட்டு வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

மூன்றாவது பண்பலை. இந்தியாவின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977-ல் சென்னையில்தான் நடந்தது. ரெயின்போ போன்ற நகரத்துச் சேவைகள் பின்னால் வந்தவை. அத்துடன் உள்ளூர் வானொலி என்ற யோசனையும் வந்தது. நாட்டின் முதல் உள்ளூர் நிலையம் 1984-ல் நாகர்கோவிலில் அமைந்தது. இவை எல்லாவற்றையும் 1997 நவம்பர் முதல் பிரசார் பாரதி என்ற தன்னாட்சி அமைப்பு நடத்துகிறது. 2023 முதல் அதிகாரபூர்வமாக ஆகாசவாணி என்ற பெயரையே பயன்படுத்துகிறார்கள்.

தனியார் பண்பலை நிலையங்கள் ஏராளமாக இருக்கும்போது அகில இந்திய வானொலிக்காக ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? ஒரு காரணம் செய்தி. தனியார் பண்பலை நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப அனுமதி இல்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் அப்படியே அஞ்சல் செய்யலாம், அவ்வளவுதான். மீனவர்களுக்கான வானிலை எச்சரிக்கை, முழு நீளக் கச்சேரி, திருவையாறு ஆராதனையின் நேரஞ்சல் போன்றவையும் இங்கேதான்.

## மத்திய அலை: பழைய டிரான்சிஸ்டர் வழி

சென்னை 720, திருச்சி 936, கோவை 999, திருநெல்வேலி 1197, தூத்துக்குடி 1053 கிலோஹெர்ட்ஸ். பல வீடுகளில் இந்த எண்கள் வீட்டு விலாசம் போல மனப்பாடம். மத்திய அலை தரையை ஒட்டிப் பயணிக்கிறது. அதனால் ஒரு பெரிய டிரான்ஸ்மிட்டர் பல மாவட்டங்களுக்குப் பேச முடியும். கடல் நீரின் மேல் இன்னும் தூரம் போகும். கரையிலிருந்து கொஞ்ச தூரம் தாண்டியதும் செல்போன் சிக்னல் போய்விடுகிற மீனவருக்கு இதை விட நம்பகமான, மலிவான எச்சரிக்கைக் கருவி கிடையாது. தூத்துக்குடியின் 1053 இலங்கைத் தமிழர்களுக்கும் பழக்கமான அலைவரிசை.

பெட்டியின் விலை சில நூறு ரூபாயிலிருந்து ஆரம்பிக்கிறது. மின்சாரம் போனாலும் கவலையில்லை. சாதாரண பேட்டரியில் பல நாள் ஓடும். ஆண்டெனா கூட வெளியே நீட்ட வேண்டாம், உள்ளேயே ஒரு ஃபெரைட் கம்பி இருக்கிறது. அந்தக் கம்பிக்குத் திசை உண்டு. நிலையம் மங்கலாகக் கேட்டால் பெட்டியை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் சட்டென்று தெளிவாகும். இது தெரியாமல் பெட்டியே கெட்டுப்போச்சு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

குறைகளையும் மறைக்கக் கூடாது. ஒலி குறுகலானது. ஒவ்வொரு நிலையத்துக்கும் 9 கிலோஹெர்ட்ஸ் இடம்தான், அதில் ஏறக்குறைய 4.5 கிலோஹெர்ட்ஸ் வரையான ஒலிதான் அடங்கும். பேச்சு நன்றாகப் புரியும். ஆனால் தம்புராவின் இழை, மிருதங்கத்தின் மேல் நாதம் எல்லாம் மழுங்கிவிடும். இரவில் மத்திய அலை வானத்தில் மோதித் திரும்பி நெடுந்தூரம் போவதால், எங்கோ இருக்கும் நிலையம் உங்கள் நிலையத்தின் மேல் ஏறிப் பேசும்.

மறைமுகத் தொல்லை உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர் எல்லாம் மத்திய அலையில் கரகர சத்தம் போடும். சமையலறை அலமாரியில், சார்ஜர் பக்கத்தில் பெட்டியை வைத்தால் எதுவும் கேட்காது. ஜன்னலோரம் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

வாங்கும்போது ஏமாறக்கூடிய இடம் இன்னொன்று. இங்கே மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்தவை. அமெரிக்காவில் 10. எண் காட்டும் டிஜிட்டல் பெட்டிகள் சில 10, 10 ஆகத்தான் தாவும். அதில் 720 கிடைக்கும், 936-ம் 999-ம் 1197-ம் சரியாகச் சிக்காது. 9-க்கு மாற்ற வசதி உண்டா என்று கேட்டு வாங்குங்கள். திருகுகிற முள் பெட்டியில் இந்தச் சிக்கலே இல்லை.

எல்லாவற்றையும் விடப் பெரிய கேள்வி: உங்கள் ஊர் டிரான்ஸ்மிட்டர் இன்னும் ஓடுகிறதா? பிரசார் பாரதி பழைய மத்திய அலை டிரான்ஸ்மிட்டர்கள் பலவற்றை நாடெங்கும் நிறுத்திவிட்டது. இருப்பவையும் சில இடங்களில் நாள் முழுக்க ஓடுவதில்லை. எனவே காசு கொடுப்பதற்கு முன், தெரிந்தவர் யாராவது வைத்திருக்கும் பெட்டியிலோ, ஏ.எம். வசதி உள்ள கார் ஸ்டீரியோவிலோ காலையும் இரவும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

இந்த வழி பொருந்துவது: பண்பலை எட்டாத கிராமம், கடலோரம், புயல் பாதை, செய்தியும் பேச்சும் மட்டும் போதும் என்கிற பெரியவர்கள்.

## பண்பலை

நகரத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இதுவே போதும். ஒலி 15 கிலோஹெர்ட்ஸ் வரை விரிவாக வருகிறது, கரகரப்பு இல்லை. சென்னை ரெயின்போ 101.4, திருச்சி 102.1, நாகர்கோவில் 101 மெகாஹெர்ட்ஸ். கொடைக்கானல் 100.5 தனி ரகம். மலை உச்சியிலிருந்து வருவதால் தென் மாவட்டங்கள் பலவற்றில் கேட்கிறது. பண்பலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் பயணிக்கும், உயரம்தான் அதற்குப் பலம் என்பதற்குக் கொடைக்கானலை விட நல்ல உதாரணம் வேண்டாம்.

அந்த நேர்கோட்டுத் தன்மையே அதன் எல்லையும் ஆகிறது. 2023 ஏப்ரலில் நாடெங்கும் 91 சிறிய பண்பலை டிரான்ஸ்மிட்டர்களைத் தொடங்கினார்கள். ஒவ்வொன்றும் 100 வாட். சுமார் பதினைந்து, இருபது கிலோமீட்டர் சுற்றளவுக்குத்தான் நன்றாகக் கேட்கும். நடுவில் ஒரு குன்று இருந்தால் அதுவும் இல்லை. எங்கள் ஊருக்குப் பண்பலை வந்துவிட்டது என்று மகிழ்வதற்கு முன் அதில் எந்தச் சேவை வருகிறது என்றும் பாருங்கள். பல சிறு டிரான்ஸ்மிட்டர்கள் வேறொரு நிலையத்தின் நிகழ்ச்சியை வாங்கி அஞ்சல் செய்பவை. உங்களுக்கு வேண்டியது மண்டல நிலையத்தின் உழவர் நிகழ்ச்சியாக இருந்து, அங்கே வருவது விவித பாரதியாக இருந்தால் பயனில்லை.

செல்போனில் உள்ள எஃப்.எம். வசதியும் இந்தக் கணக்கில்தான் வரும். அதற்கு இணையம் வேண்டாம், டேட்டா செலவாகாது. போன்களில் எஃப்.எம். வசதியை முடக்காமல் வைக்கும்படி 2023-ல் மத்திய அரசே தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. பேரிடர் நேரத்தில் பயன்படும் என்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஆனால் போனில் எஃப்.எம். கேட்க வயர் உள்ள இயர்போன் வேண்டும். அந்த வயர்தான் ஆண்டெனா. புளூடூத் இயர்போன் அந்த வேலையைச் செய்யாது. இயர்போன் துளையே இல்லாத போன் என்றால் இந்த வழியை மறந்துவிடுங்கள். போன் வாங்கும்போது இதை யாரும் கேட்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

பெட்டி வாங்கினால் மத்திய அலை, பண்பலை இரண்டும் உள்ளதாகவே வாங்குங்கள். விலை வித்தியாசம் சொற்பம். எஃப்.எம். மட்டும் உள்ள பெட்டிகள் கடைகளில் அதிகம் என்பதால் இதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

## டி.ஆர்.எம்.

டிஜிட்டல் ரேடியோ மாண்டியேல் என்பதன் சுருக்கம் இது. மத்திய அலையின் அதே இடத்தில் டிஜிட்டல் ஒலியை அனுப்பும் முறை. கரகரப்பு அற்ற ஒலி, ஒரே அலைவரிசையில் ஒன்றுக்கு மேற்பட்ட நிகழ்ச்சி, திரையில் ஓடும் எழுத்துச் செய்தி, பேரிடர் எச்சரிக்கை என்று காகிதத்தில் பார்த்தால் இதற்கு இணை எதுவும் இல்லை. வானொலி இதில் பெரும் பணம் போட்டு, நாடு முழுக்க முப்பதுக்கும் மேற்பட்ட டிரான்ஸ்மிட்டர்களை மாற்றியமைத்தது.

சிக்கல் பெட்டியில்தான். தனி டி.ஆர்.எம். ரேடியோ கடைகளில் எளிதில் கிடைக்காது. கிடைத்தாலும் விலை ஆயிரங்களில்தான் இருக்கும். பேட்டரியையும் சாதாரணப் பெட்டியை விட வேகமாகக் குடிக்கும். சிக்னல் குறைந்தால் பழைய ரேடியோ மங்கலாகவாவது பேசும். டி.ஆர்.எம். ஒரு எல்லைக்குக் கீழே போனால் முழுதாக மௌனமாகிவிடும். பழுதானால் உள்ளூர் மெக்கானிக்கிடம் கொண்டுபோய்ப் பயனில்லை.

ஒரே விதிவிலக்கு கார். சில கம்பெனிகளின் புதிய கார்களில் டி.ஆர்.எம். உள்ளேயே இருக்கிறது. உங்கள் காரில் இருக்கிறதா என்று கையேட்டில் பாருங்கள். இருந்தால், காசு கொடுக்காமலே கையில் இருக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். வீட்டுக்கென்று தனியாக வாங்க நான் இன்று யாருக்கும் சொல்ல மாட்டேன்.

## டி.டி.எச்.

டி.டி. ஃபிரீ டிஷ்ஷுக்கு மாதச் சந்தா இல்லை. டிஷ்ஷும் பெட்டியும் ஒரு முறை வாங்கினால் போதும். தொலைக்காட்சியுடன் வானொலியின் நாற்பதுக்கும் மேற்பட்ட அலைவரிசைகள் அதில் வருகின்றன. தமிழும் உண்டு. ஒலி சுத்தம். வீட்டில் ஏற்கெனவே டிஷ் இருந்தால் ரிமோட்டில் ரேடியோ பொத்தானை அழுத்திப் பாருங்கள். பலருக்கு அந்த வசதி இருப்பதே தெரியாது.

ஆனால் எல்லா நிலையமும் இல்லை, உங்கள் ஊர் நிலையம் இருக்கும் என்று உறுதியில்லை. பாட்டு கேட்க டிவியை ஓட விட வேண்டும். கனமழையில் சிக்னல் போகும். வானொலிக்காக மட்டும் இதை வாங்குவது தேவையில்லாத செலவு.

## செயலியும் இணையமும்

'நியூஸ் ஆன் ஏர்' செயலியில் 200-க்கும் மேற்பட்ட வானொலிச் சேவைகள் நேரலையாக வருகின்றன. பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய 'வேவ்ஸ்' தளத்திலும் கேட்கலாம். மும்பையிலோ மஸ்கட்டிலோ இருந்துகொண்டு திருநெல்வேலி நிலையத்தைக் கேட்பது முன்பு நடக்காத காரியம். வெளியூரில் வாழும் தமிழர்களுக்கு இதற்கு மாற்றே கிடையாது. முன்பு அதற்குச் சிற்றலைதான் வழி. 1939-லிருந்து வெளிநாட்டு நேயர்களுக்குப் பேசிய அந்தச் சேவை இப்போது மிகவும் சுருங்கிவிட்டது. பொழுதுபோக்காகத் தேடிக் கேட்பவர்களைத் தவிர மற்றவர்கள் சிற்றலைப் பெட்டி வாங்க வேண்டாம்.

இசை ரசிகர்களுக்குச் செயலியில் ஒரு புதையல் உண்டு. 2016 குடியரசு தினத்தன்று தொடங்கிய 'ராகம்' என்ற இருபத்துநான்கு மணி நேரச் செவ்வியல் இசைச் சேவை அது. கர்நாடகமும் இந்துஸ்தானியும் மாறி மாறி வரும். பல பத்தாண்டுகளாகச் சேர்ந்த ஒலிப்பதிவுகளை வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தின் பலம் அங்கே தெரிகிறது. கச்சேரிக்காகத்தான் வானொலி என்றால் செயலி, அதனுடன் ஒரு நல்ல ஸ்பீக்கர். என் முதல் பரிந்துரை இதுதான்.

செய்தியைத் தவறவிட்டவர்களுக்கும் இங்கே வழி உண்டு. மாநிலச் செய்தி அறிக்கைகளின் ஒலிப்பதிவும் எழுத்து வடிவமும் வானொலிச் செய்திப் பிரிவின் இணையதளத்தில் கிடைக்கின்றன. மற்ற நிகழ்ச்சிகளுக்கு இந்த வசதி முழுமையாக இல்லை. உழவர் நிகழ்ச்சி முடிந்தால் முடிந்ததுதான்.

சரி, மறைமுகச் செலவு? 64 கிலோபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் கேட்டால் ஏறக்குறைய 29 எம்.பி. போகும். ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் என்றால் மாதம் சுமார் மூன்றரை ஜி.பி. தினமும் ஒன்றரை ஜி.பி. கிடைக்கும் ரீசார்ஜில் இது பெரிதல்ல. குறைந்தபட்ச ரீசார்ஜில் போனை உயிரோடு வைத்திருக்கும் பெரியவருக்கு இது பெரிய செலவு. வானொலிக்காகவே பெரிய பிளான் போட வேண்டியிருந்தால், ஒரு மாதக் கட்டணத்துக்கே ஒரு டிரான்சிஸ்டர் வந்துவிடும்.

நேரலை பல விநாடிகள் தாமதமாக வரும். மணி அறிவிப்பைக் கேட்டுக் கடிகாரத்தைச் சரிசெய்யும் பழக்கம் உள்ளவர்கள் கவனிக்க வேண்டும். நடுவில் அழைப்பு வந்தால் நிகழ்ச்சி நிற்கும். சில நாட்களில் ஒரு நிலையம் மட்டும் மௌனமாக இருக்கும், ரேடியோ பெட்டியில் அது ஓடிக்கொண்டேயிருக்கும்.

பெரியவர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பார்வை மங்கியவர்கள், கை நடுங்குபவர்கள், போன் என்றால் பேச மட்டும் என்று பழகியவர்கள் செயலியைத் திறந்து, மொழியைத் தேடி, நிலையத்தை அழுத்திக் கேட்பது நடக்காது. பிள்ளைகள் போட்டுக்கொடுக்கும் முதல் வாரம் கேட்பார்கள். அடுத்த வாரம் யாராவது வந்து போட்டுவிடும் வரை காத்திருப்பார்கள். தன் கையால் திருகித் தனக்கு வேண்டியதைத் தானே கேட்கும் சுதந்திரம் போய்விடும். என் அம்மாவுக்கு ரேடியோ பெட்டியே வேண்டும் என்று நான் முடிவு செய்ததற்குக் காரணம் அதுதான்.

## ஒரே பார்வையில்

| எதைப் பார்ப்பது | மத்திய அலை | பண்பலை | டி.ஆர்.எம். | டி.டி.எச். | செயலி |
|---|---|---|---|---|---|
| கிடைக்கும் நிலையங்கள் | மண்டல நிலையம், ஓடினால் | அருகிலுள்ள சேவை மட்டும் | சில நிலையங்கள் | தேர்ந்தெடுத்த சில | ஏறக்குறைய எல்லாம் |
| எட்டும் தூரம் | பல மாவட்டங்கள், கடல் | நகரமும் சுற்றுப்புறமும் | பரந்தது | நாடு முழுதும் | இணையம் உள்ள எங்கும் |
| மின்சாரம் போனால் | ஓடும் | ஓடும் | பேட்டரி விரைவில் தீரும் | நின்றுவிடும் | கோபுரம் இருக்கும் வரை |
| ஒலி | பேச்சுக்குப் போதும் | நன்று | நன்று | நன்று | இணைய வேகத்தைப் பொறுத்தது |
| முதல் செலவு | சில நூறு | சில நூறு, அல்லது போனிலேயே | ஆயிரங்களில் | டிஷ், பெட்டி | போன் இருந்தால் இல்லை |
| மறைமுகச் செலவு | பேட்டரி, வீட்டு மின் இரைச்சல் | வயர் இயர்போன் | கிடைப்பதும் ரிப்பேரும் கடினம் | டிவி மின்சாரம் | டேட்டா, தாமதம் |
| பெரியவர்களுக்கு | எளிது | எளிது | சுமார் | சுமார் | கடினம் |

## யாருக்கு எது

நாகை, கடலூர், ராமநாதபுரம் போன்ற கடலோரக் குடும்பங்களுக்குத் தயங்காமல் சொல்வேன்: மத்திய அலையும் பண்பலையும் உள்ள பேட்டரி பெட்டி. போனில் செயலி இருந்தாலும் பரவாயில்லை, இந்தப் பெட்டி கூடவே இருக்கட்டும். பேட்டரியை உள்ளே போட்டு மாதக்கணக்கில் மறந்துவிடாதீர்கள். கசிந்து முனைகளை அரித்துவிடும். தனியாக ஒரு பையில் வைத்து, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

சென்னை, திருச்சி, கோவை மாதிரி நகரத்தில் வேலைக்குப் போகிறவர்கள், பாட்டும் தலைப்புச் செய்தியும் போதும் என்றால் போனிலோ காரிலோ பண்பலை. தனியாக எதுவும் வாங்க வேண்டாம்.

விவசாய நிகழ்ச்சிக்காகக் கேட்பவர்கள் முதலில் தங்கள் மண்டல நிலையம் எந்த அலையில் வருகிறது என்று பார்க்க வேண்டும். நிலையத்துக்கே ஒரு கடிதம் போடலாம், போனிலும் கேட்கலாம். வானொலி நிலையங்கள் நேயர் கடிதத்தை இன்னும் மதிக்கின்றன. மத்திய அலை நின்றுபோய், பண்பலையும் எட்டாத ஊர் என்றால் செயலிதான் வழி. அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள் அந்தக் கடிதத்திலேயே தங்கள் குறையையும் எழுத வேண்டும். எந்த ஊரில் எது கேட்கவில்லை என்று நேயர் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் கச்சேரி ரசிகர்களுக்கும் செயலி. நிலையத்தைத் திறந்ததும் அதை விருப்பப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள், ஒவ்வொரு முறையும் தேட வேண்டாம்.

அப்புறம், முதலில் கேட்ட அந்த அப்பா. அவர் எந்த நிலையத்தைக் கேட்கிறார், எத்தனை மணிக்குக் கேட்கிறார் என்று அவரிடமே கேளுங்கள். அந்த நேரத்தில், அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் ஒரு பெட்டியை வைத்துக் கேட்டுப் பார்த்து, தெளிவாக வந்தால் அதே மாதிரி பெட்டியை வாங்கிக் கொடுங்கள். முள் நகரும் பெரிய எண் தட்டு, கையில் சிக்கும் அளவுக்குப் பெரிய திருகு, உரத்த ஸ்பீக்கர், கரண்ட்டிலும் பேட்டரியிலும் ஓடும் வசதி, இவை நான்கும் இருந்தால் போதும். எண் தட்டில் அவருடைய நிலையம் இருக்கும் இடத்தில் ஒரு சிவப்புப் பொட்டு ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்துவிடுங்கள்.